வாரியலை எடுக்கும் முன்னால் சுவரைப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. பேசியதையே எழுதித் தரச் சொன்னார்கள். மேடையில் பயத்தில் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கிக் கடன், ஆடு வளர்ப்பு, வாழைநார் என்று பெரிய விஷயமாகப் பேசினார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு கரையான். சிரிக்காதீங்க. எங்க தெருவில் இப்ப என்னைக் ‘கரையான் அக்கா’ன்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. நான் பத்தாவது வரை படித்தவள். பூச்சியைப் பற்றிப் படித்தவள் இல்லை. என் வீட்டில், என் கையாலேயே நடந்த ஒரு தப்பினால் இதைத் தெரிந்துகொண்டேன். அந்தத் தப்பால் எங்கள் குழுவே உடையப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி ஆற்றுத் தண்ணியும் குளத்துத் தண்ணியும் ஒண்ணாச் சேர்ந்து வந்தது. ஏரல் கடைத்தெரு பட்ட பாட்டை டிவியில் ஊரே பார்த்தது. கொற்கையில் எங்கள் வீட்டுக்குள் என் இடுப்புக்கு மேலே தண்ணீர். எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. செங்கல் சுவர், பனங்கைமரம், வேம்பு நிலை. மாமியாரையும் பிள்ளைகளையும் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றிவிட்டுத் திரும்ப வந்து நான் எடுத்தது மூன்றே மூன்று சாமான்தான். ரேஷன் கார்டு, ஆதார் இருந்த மஞ்சப் பை, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், குழுவின் நோட்டுகள். பன்னிரண்டு பேர் குழு எங்களுடையது. கணக்கு எழுதுவது என் பொறுப்பு. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு எல்லாவற்றையும் பித்தளை அண்டாவுக்குள் வைத்து, மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து, பரணில் ஏற்றினேன். அரிசி போச்சு, பாய் தலையணை போச்சு, மிக்ஸி போச்சு. நோட்டில் ஒரு சொட்டுத் தண்ணி படலை. அன்றைக்கு அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குள் ஒரு முழம் சேறு. அதை வெட்டி எடுத்து, கழுவி, அரசு கொடுத்த 6,000 ரூபாயில் அரிசியும் பாயும் வாங்கி, பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டோம். அதுதான் முதல் அவசரம். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் செங்கல் சுவருக்குள் ஈரம் மாசக்கணக்கில் நிற்கும் என்பது அப்போது தெரியாது. நனைந்த பலகை, பழைய அட்டைப்பெட்டி, ஊறிப்போன கதவு என்று ‘எதுக்காவது உதவும்’ என்று புறவாசல் சுவரோடு சாய்த்து வைத்தோம். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் எங்கள் மர அலமாரி. பரணில் பத்திரமாக இருந்த குழு நோட்டை இறக்கி, பழைய பேரேட்டைக் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டி, புது நோட்டில் கணக்கை ஆரம்பித்தேன். ஆற்றில் இருந்து காப்பாற்றியதைக் கரையானுக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அடுத்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் இருந்தே என் வீடு எனக்கு எல்லாவற்றையும் காட்டியது. அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்துக்கு, பென்சில் மொத்தத்தில் மண் கோடு ஒன்று. நான் என்ன செய்தேன்? குளவி கூடு கட்டியிருக்கு என்று வாரியலால் தட்டிப் பெருக்கித் தள்ளினேன். நாலு நாள் கழித்து அதே இடத்தில் திரும்பவும் கோடு. திரும்பவும் பெருக்கினேன். ஒரு மழை நாள் சாயங்காலம் உள்ளறையில் ஈசல். மறுநாள் ஜன்னலுக்குக் கீழே ஒரு கை அளவு இறகு. அதையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். சுவரில் தொங்கிய காலண்டர் அட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பிய்த்து எடுத்தேன், பின்னால் மண். ஈரத்துணியால் துடைத்தேன். அலமாரிக் கதவு இறுக்கமாகிவிட்டது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நானும் சரி என்றேன்.

நான் அசிங்கமாக வீடு வைத்திருக்கிறவள் இல்லை. தினம் இரண்டு வேளை பெருக்குகிறவள். அதனால்தான் எனக்குத் தெரியாமல் போச்சு. வீடு முழுக்க மூலைமுடுக்கெல்லாம் தினமும் பார்க்கிறது யார்? நாமதான். கரையான் போட்ட அடையாளம் முதலில் நம்ம கண்ணில்தான் படும். நாமே அதைச் சுத்தம் பண்ணி அழித்துவிடுகிறோம். வாரியலுக்கு வேலை முடிஞ்சது, கரையானுக்கு முடியலை. அது சுவருக்குள்ளே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

2025 வைகாசியில் குழுக் கூட்டம். எங்கள் குழுவில் ஒரு மைனி, வெள்ளத்துக்கு முன்னால் உள்கடன் வாங்கியிருந்தார். வெள்ளத்தின்போது தவணையை நிறுத்தி வைத்திருந்தோம். புது நோட்டில் அவர் பாக்கி 3,000 என்று பழைய பேரேட்டில் இருந்து கொண்டுவந்து எழுதியிருந்தேன். அவரோ, “ஆறு தவணையும் வெள்ளத்துக்கு முன்னாலேயே கெட்டிட்டேன், பாக்கியே கெடையாது” என்றார். “சரி மைனி, பழைய நோட்டை எடுத்துப் பார்த்துருவோம்” என்று நான்தான் தைரியமாகச் சாவியை எடுத்தேன்.

அலமாரியைத் திறந்தேன். நோட்டு அப்படியே இருந்தது. அட்டை நல்லா இருந்தது. தூக்கினேன், கனமே இல்லை. பிரித்தால் உள்ளே தாள் இல்லை. நடுவில் மண்ணும், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக நெளிகிறதும்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குக் கோடு போட்ட தாள் மிச்சம். பதினொரு பேரும் என்னையே பார்த்தார்கள்.

யாரோ சொன்னார்கள். யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் இங்கேதான் இருக்கிறார். “எல்லா நோட்டையும் விட்டுட்டு அந்த நோட்டை மட்டும் கரையான் தின்னுச்சாக்கும்?” என்று. கடன் வாங்கிய மைனி ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். அந்த இரவு நான் சாப்பிடவில்லை. வெள்ளத்தில் கழுத்துக்கு வந்தாலும் விடாமல் தூக்கிய நோட்டு. அதை வைத்தே என்னைத் திருடி மாதிரி பார்த்துவிட்டார்களே என்று அழுதேன். அடுத்த மாதம் நாலு பேர் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பையும் கட்டவில்லை. பத்து வருஷக் குழு.

அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். எங்கள் ஊக்குநர் அக்காதான் வழி சொன்னார். நாங்கள் வசூலித்த பணத்தை மறுநாளே பேங்கில் கட்டிவிடுவோம். பேங்கில் போய் அந்தக் காலத்து வரவு செலவு விவரத்தை அச்சடித்து வாங்கினோம். பிறகு உறுப்பினர்களின் தனி பாஸ் புத்தகங்களை எல்லாம் சேர்த்தோம். மைனியின் பாஸ் புத்தகம் வெள்ளத்தில் போயிருந்தது, மற்ற பதினொன்றும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் பேங்கில் கட்டிய மொத்தத்தில் இருந்து, பதினொரு பேர் கட்டியதைக் கழித்தோம். மிச்சம் என்னவோ அதுதானே மைனி கட்டினது? ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கழித்தோம். இரண்டு மாதம் சேமிப்போடு 500 கூடுதலாக வந்தது. மற்ற நாலு மாதம் சேமிப்பு மட்டும்தான். ஆக, மைனி கட்டிய இரண்டு தவணையை நான் புது நோட்டில் ஏற்றாமல் விட்டிருக்கிறேன். ஆறும் கட்டினேன் என்று அவர் நினைத்ததும் தப்பு. பாக்கி 2,000. எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கட்டி முடித்துவிட்டார். இப்போது பேசுகிறோம். பழைய மாதிரி அடுப்பங்கரை வரை வந்து குழம்பு ருசி பார்க்கிற பேச்சு இல்லை. ஆனாலும் பேசுகிறோம்.

இதற்குப் பிறகுதான் கரையானைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். ஆசாரி, கொத்தனார், வேளாண்மைத் துறை ஆபீஸ், பிள்ளையின் அறிவியல் டீச்சர் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டேன்.

கரையானை வெள்ளை எறும்பு என்று சிலர் சொல்கிறோம், அது எறும்பே இல்லையாம். எறும்புதான் அதற்கு முதல் எதிரி. கரையானுக்குத் தோல் மெல்லிசு, வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் வெளியே நடக்காமல், மண்ணையும் எச்சிலையும் குழைத்து ஒரு குழாய் கட்டி, அதற்குள்ளேயே போய்வருகிறது. என் வீட்டில் பார்த்த அந்தக் கோடுதான் அதன் ரோடு. ராணி இருக்கிற கூடு மண்ணுக்கு அடியில், வீட்டை விட்டு ரொம்ப தூரத்தில்கூட இருக்கும். ராணி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ஆக, சுவரில் இருக்கிற நூறைக் கொன்றால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது சாப்பிடுவது மரத்திலும் தாளிலும் துணியிலும் இருக்கிற நார்ச்சத்தை. காங்கிரீட்டைத் தின்னாது. ஆனால் ஒரு சின்ன விரிசல் போதும், அதன் வழியே ஏறிவந்து நிலையையும் பிளைவுட் அலமாரியையும் தின்னும். ‘நமக்குத் தார்சு வீடு, கரையான் வராது’ என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாம் மழைக்குப் பறிக்கிற புற்றுக்காளான் இருக்கே, அதுவும் கரையான் வேலைதான். சில கரையான் புற்றுக்குள்ளே காளானை விவசாயம் மாதிரி வளர்த்து அதைச் சாப்பிடுமாம். நாம் கறி வைப்பது அதன் தோட்டத்தில் இருந்து முளைத்து வந்ததை. இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கோபமே குறைந்துபோச்சு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெருக்கும்போது சுவரும் தரையும் சேருகிற இடத்தைப் பாருங்கள். கதவு நிலைக்கால் தரையைத் தொடுகிற இடம், அடுப்பங்கரைத் தொட்டிக்கு அடி, குளியலறைச் சுவரின் மறுபக்கம், மழைத்தண்ணி விழுகிற புறவாசல் பக்கம். ஈரம் இருக்கிற இடம்தான் அதற்கு வாசல். மண் கோடு தெரிந்தால் வாரியலைக் கீழே வையுங்கள். ஒரே ஒரு இடத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் உடைத்த இடத்தை அது அடைத்திருந்தால், உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது. அடைக்காவிட்டால் போய்விட்டது என்றும் நம்பிவிடக் கூடாது. வேறு வழி பிடித்திருக்கும்.

ஈசலைப் பற்றி ஒரு பயம் எல்லோருக்கும் வரும். மழைக்குத் தெருவிளக்கில் ஈசல் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, அது எங்கிருந்தோ வருகிறது. நாம் சின்னப் பிள்ளையில் விளக்குக்கு அடியில் தண்ணிச் சட்டி வைத்துப் பிடித்து, வறுத்துத் தின்றவர்கள்தானே. ஆனால் ஜன்னல் சாத்திய அறைக்குள்ளே, தரை விரிசலில் இருந்தோ நிலை ஓரத்தில் இருந்தோ ஈசல் புறப்பட்டால் கூடு நம் காலடியில் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் இறகு குவிந்து கிடந்தால், எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பெருக்குங்கள். எறும்புக்கும் இறகு முளைக்கும். கரையானுக்கு நாலு இறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கி இருக்காது. எறும்புக்கு முன் இறகு நீளம், பின் இறகு குட்டை, இடுப்பு நூல் மாதிரி இருக்கும்.

மரத்தைத் தட்டிப் பாருங்கள். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம், தர்ப்பூசணியைத் தட்டுகிறோம், வாசல் நிலையைத் தட்டியிருக்கிறோமா? ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினால் நல்ல மரம் ‘ணங்’கென்று கெட்டியாகக் கேட்கும். அரித்த மரம் காலி டப்பா மாதிரி ‘டொப்’பென்று கேட்கும். கரையான் மேலே பெயின்டையும் மேல்தோலையும் காகிதம் மாதிரி மிச்சம் வைத்துவிட்டு உள்ளே மட்டும்தான் தின்னும். அதனால் பெயின்ட் கொப்பளம் மாதிரி எழும்பி இருந்தால், விரலால் அமுக்கினால் உள்ளே போனால், ஏதோ இருக்கிறது. வெயில் காலத்திலும் கதவு இறுக்கமாக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

நம்ம கடற்கரைப் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். மண் கோடு போடாது, தரைக்கு வராது. கட்டில் கால், நாற்காலி, பழைய பீரோ, கைமரத்தில் இருக்கும். அதற்கு அடையாளம், கீழே கசகசா மாதிரி, ரவை மாதிரி குருணையாக உதிர்ந்து கிடக்கும். இன்றைக்குப் பெருக்கினால் நாளைக்கும் அதே இடத்தில் கிடக்கும். குருணையாக இல்லாமல் மைதா மாவு மாதிரி நைசாக உதிர்ந்து, மரத்தில் குண்டூசித் துளை இருந்தால் அது கரையான் இல்லை, உளு. மரம் உளுத்துப்போச்சு என்போமே, அந்த வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறே, அதனால் ஆசாரியிடம் காட்டும்போது உதிர்ந்ததை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.

மரத்தைப் பற்றி எங்கள் மாமியார் சொல்வது ஒன்று. “வைரம் பாஞ்ச பனையைச் செல்லு தொடாது, இளம்பனைச் சோத்தைத்தான் தின்னும்” என்பார்கள். என் வீட்டில் அப்படியேதான் நடந்தது. மாமனார் போட்ட கருத்த கைமரம் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் அவசரத்துக்கு மாற்றிய இரண்டு வெள்ளைச் சட்டத்தில் மட்டும் ஏறியிருந்தது. தேக்கிலும் வேம்பிலும்கூட நடுக்கட்டைதான் உறுதி, வெளிப்பக்க வெள்ளைக்கட்டையை அது விடாது.

கொற்கையில் பிறந்தவளாக ஒன்றைச் சொல்ல ஆசை. எங்கள் ஊர் பாண்டியர் காலத்துத் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். தோண்டுகிற இடத்தில் எல்லாம் சங்கும் பானை ஓடும் வரும். அன்றைக்கு எத்தனை கப்பல், எத்தனை மர வீடு, எத்தனை ஓலைக் கணக்கு இருந்திருக்கும்? ஒன்றையும் காணோம். அகழாய்வில் கிடைத்த ஒரு கரித்துண்டைச் சோதித்துத்தான் கி.மு. 785 என்று காலம் சொன்னார்கள். எரிந்து கரியானதால் அது தப்பித்தது. தேவார ஏடுகளே சிதம்பரத்தில் செல்லரித்துப் போய், மிச்சம்தான் நமக்குக் கிடைத்தது என்று சொல்வார்கள். ராஜராஜ சோழன் வந்து அறையைத் திறக்கும் வரை புற்று மூடிக் கிடந்ததாம். அங்கேயே அப்படி என்றால் நம்ம 192 பக்க நோட்டு எம்மாத்திரம்.

அடுத்து பணம். இதைச் சொல்லும்போது ஆச்சிமார் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். 2025-ல் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கூலி வேலை பார்க்கும் குடும்பம், பிள்ளைகளின் காதுகுத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைத் தகர உண்டியலில் போட்டு, குடிசைக்குள் குழிதோண்டிப் புதைத்து வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் கரையான் அரித்த தூள். செய்தியைப் பார்த்து நடிகர் ராகவா லாரன்ஸ் ஒரு லட்சம் கொடுத்தார். நம்ம வீட்டுக்கு எந்த நடிகர் வரப்போகிறார்? 2023-ல் உத்தரப் பிரதேசம் மொராதாபாத்தில் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு 18 லட்சத்தைப் பேங்க் லாக்கரிலேயே வைத்து, கரையானுக்குக் கொடுத்தார். லாக்கர் வேறே, கணக்கு வேறே. லாக்கரில் ரொக்கம் வைக்கவே கூடாது என்பது விதி. கணக்கில் போட்டால்தான் அது எழுத்தில் இருக்கும் பணம்.

நம்மிடம் எல்லாம் சிறுவாடு இருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மாடக்குழியில், அரிசிப் பானைக்கு அடியில், பழைய சேலை மடிப்பில். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி மரப்பெட்டியில் வைத்திருந்தது வெள்ளத்துக்கு அப்புறம் போச்சு. அந்தப் பணம் போனால் வாய்விட்டு அழவும் முடியாது, இருந்ததே யாருக்கும் தெரியாதே. ஆச்சி என்னிடம் மட்டும் முந்தியில் முடிந்து கொண்டுவந்து காட்டினார். அரித்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேங்கில் மாற்றலாம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டு என்றால், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் முழுப் பணம், 40-ல் இருந்து 80 வரை இருந்தால் பாதிப் பணம், அதற்கும் கீழே என்றால் கிடையாது. 20 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுசும் உண்டு. ஆச்சிக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. இப்போது சிறுவாட்டைக் குழுவில் விருப்பச் சேமிப்பாகப் போடுகிறார். எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன்.

கரையான் தெரிந்த பிறகு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் முதலில் மண்ணெண்ணெயை ஊற்றினார். வீடு ஒரு வாரம் நாறியது, கண்ணில் பட்டது செத்தது, மற்றது அடுத்த சுவருக்குப் போனது. அடுப்பு எரிகிற வீட்டில் அது தீ வைக்கிற வேலையும்கூட. வாழைக்கு அடிக்கிற மருந்து பாட்டிலை அடுப்பங்கரையில் தெளிப்பதும் வேண்டாம், நாம் அங்கேதான் மாவு பிசைகிறோம், பிள்ளை அங்கேதான் தவழ்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பைக்கில் வந்து ‘ஒரே ஸ்பிரே, பத்து வருஷ கேரண்டி’ என்று சொன்னவருக்கு எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். மேலாகத் தெளித்துவிட்டுப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. சரியான முறை, சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு அடிக்கு ஒரு துளையாகப் போட்டு, கட்டடக் கரையானுக்கு என்று லேபிளில் போட்டிருக்கும் மருந்தை அளவாகத் தண்ணீரில் கலந்து மண்ணுக்குள் இறக்கி, துளையைச் சிமென்டால் அடைப்பது. இதற்கு ஐ.எஸ். 6313 என்று இந்தியத் தரக் கட்டுப்பாடே இருக்கிறது, அதில் மூன்றாம் பாகம் கட்டிய வீட்டுக்கு. வருகிறவரிடம் “ஐ.எஸ். 6313 படி செய்வீங்களா, எந்த மருந்து, பில் தருவீங்களா?” என்று கேளுங்கள். முழிக்கிறவரை அனுப்பிவிடுங்கள். வீட்டை ஒட்டிக் கிணறோ அடிபம்போ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணியும் கைப்பிள்ளையும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டாம்.

கலைஞர் கனவு இல்லத்திலோ வேறு திட்டத்திலோ இப்போது வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தை மூடும் முன்னாலேயே மண்ணுக்கு மருந்து விடச் சொல்லுங்கள். அதே ஐ.எஸ்.-ன் இரண்டாம் பாகம் அதற்குத்தான். தரை போட்ட பிறகு துளை போடுவதை விட அது செலவு குறைவு. சுவர் ஒட்டிய வீடுகள் என்றால் ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது, பக்கத்து வீட்டுக்குப் போய் மறுபடி வரும். நாங்கள் வரிசையாக ஐந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் செய்தோம். இரண்டு பேருக்குக் குழுவில் இருந்து உள்கடன் கொடுத்தோம். ஒரு வாரம் முன்னாலேயே புறவாசல் சுவரோடு சாய்த்திருந்த நனைந்த பலகை, அட்டை, விறகு எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டோம். அதற்குக் காசு தேவையில்லை, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

எங்கள் குழு நோட்டு இப்போது தகரப் பெட்டியில் இருக்கிறது. பெட்டி நாலு செங்கல் மேலே, சுவரை விட்டு நாலு விரல் தள்ளி இருக்கிறது. மாதம் முடிந்ததும் பேரேட்டின் பக்கங்களை மூன்று பேர் போனில் படம் எடுத்து வைக்கிறோம், அதில் ஒருவர் அந்த மைனி, அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. கூட்டம் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டில் சேமிப்பு வசூலிக்கும் முன்னால் இரண்டு பேர் நாலு மூலையையும் நிலையையும் பார்த்துவிடுவார்கள். தீர்மானத்தில் அதையும் ஒரு வரி எழுதுகிறோம்.

கடைசியாக ஒன்று. காலையில் இந்தக் கட்டடத்துக்குள் வரும்போது செருப்பைக் கழற்றக் குனிந்தேன். வாசல் நிலையில் இடது பக்கம், கீழே ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருக்கிறது. பெருக்குகிற அக்காவிடம் சொல்லி அதைத் தொடவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் உடைத்து, பக்கத்தில் இன்றைய தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போங்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவுக்கு வருகிறவர்கள் அடைத்திருக்கிறதா என்று பார்த்து எனக்குப் போன் பண்ணுங்கள்.